எழுத்துக்கூலி

எழுத்துக்கு ஒரு காசு என்று பேச்சு.
புள்ளிக்குக் கூலி கிடையாது;
செப்பேட்டில் நாங்கள் புள்ளி வைப்பதுமில்லை.

கொல்லம் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஐப்பசி.
வாகைக்குளத்துக் கன்னார் முப்பத்திரண்டு வீடும்
உலைச்சாலை முன் கூடியிருந்தது.
அச்சுக்கு மண் பிசைய வந்த வேளான் மகன் மாடன்
செம்புக்கு வெள்ளீயம் எத்தனை பங்கென்று
கண்ணாலேயே நிறுத்துக்கொண்டானாம்.
அம்பாசமுத்திரம் சந்தையில் அவன் வார்த்த போணி
நம் போணியைவிட நீளமாய் ஒலித்ததாம்.
குற்றம் அதுதான்.

“தொழிலார் ஆண்மக்களுக்கன்றி
மூசை தூக்கப் பிறர்க்கு உரிமை இல்லை”
என்று வெட்டச் சொன்னார்கள்.
நாட்டாண்மை அரியநாயகம் ஆசாரி
விரல்விட்டு எழுத்தெண்ணினார்.
“ஆண் எதுக்குவே?
பெண்ணா வந்து மூசை தூக்கப் போகுது?
எடும் அதை.”
ஆ, ண.
இரண்டு காசு போன வயிற்றெரிச்சலோடு
மிச்சத்தை வெட்டினேன்.
என்னை நல்லவன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

பத்தொன்பது வருஷம் கழித்து
சங்குமுத்து ஆசாரி செத்தார்.
மடத்து மணிக்கு அச்சு சுட்டு
மெழுகு வடிந்து
குழி காத்துக் கிடந்தது.
கொறடை எடுத்துப்போகப் பங்காளிகள் வந்தார்கள்.
பத்து வயதிலிருந்து துருத்தி ஊதிய உலகம்மை
வாசலில் நின்று சொன்னாள்:
“பட்டயத்தை வாசிக்கச் சொல்லுங்க.”

கூப்பிட்டார்கள். போனேன்.
மககளுககனறி என்று கிடந்ததற்கு
வாயால் புள்ளி வைத்தேன்:
மக்களுக்கன்றி.

“ஆண்மக்கள்னுல்லா சொன்னோம்!”
“சொன்னீங்க. எடுக்கச் சொன்னதும் நீங்கதான்.”
அரியநாயகம் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.
“எங்கப்பனுக்கு நான் மக்கள் இல்லாம
மாட்டுக்கன்னா?” என்றாள் அவள்.
யாரோ சிரித்தான். யாரோ அவனை அதட்டினான்.
பேச்சு விளக்கு வைத்தும் ஓயவில்லை.

உலோகம் தீர்ப்புக்குக் காத்திருக்காது.
அவள் உள்ளே போய் மூசையைத் தூக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் அச்சை உடைத்து
மணியை ஒரு தட்டுத் தட்டினார்கள்.
மதிலுக்கு வெளியே,
முழங்கை வரை ஆற்றுமண் காய்ந்திருக்க,
தலை நரைத்த மாடன் கேட்டுக்கொண்டு நின்றான்.
ஒலி தேயும்வரை நின்றான்.
ஈயம் அரைப்பங்கு கூடுதல் என்று
அவனுக்குத் தெரிந்திருக்கும்.
யார் அவனைக் கேட்டார்கள்?

அந்தச் சொல்லில் ஒன்றையும்
எவரும் எடுக்கச் சொல்லவில்லை.
பி, ற, ர.
அதற்கு மூன்று காசு
அன்றைக்கே வாங்கிவிட்டேன்.