இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை

சமாதானபுரம், டயர்க்கடை மாடி.
செருப்பைக் கீழேயே விட்டு ஏறவும்.
இந்த வாரச் செய்தி:
'உறங்காத கலங்கரை' மூன்றாம் பாகம் வந்துவிட்டது.
முதல் பாகம் போன மாதமே வந்தது.
இரண்டாவது, சிவகாசிக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவில்
ஏதோ ஒரு லாரியில் ஊர் சுற்றுகிறது.

லாரி ஆபீஸ் மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்கு
ஐந்து வாரமாய் ஒரே வசனம்:
"நாளைக்கு வந்துரும் டீச்சர், வந்தா சொல்லுதேன்."
நான் டீச்சர் இல்லை.
கண்ணாடி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் சில சிபாரிசுகள்.
கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிறவர்கள்
'பச்சை ஓநாய்' வாங்கலாம்.
முந்நூறு பக்கம், இரண்டு வாய்தா தாங்கும்.
பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் 'பூனைப்படை' பக்கமே போகவேண்டாம்,
சிரிப்புச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டுவிடும்.
வெள்ளத்தில் நனைந்த கட்டு பாதி விலை.
பக்கங்கள் அலை அலையாய் இருக்கும்;
கடல் கதைகளுக்குப் பரவாயில்லை,
பாலைவனக் கதைகளுக்குத்தான் கொஞ்சம் இடிக்கும்.

முதல் பாகத்தின் கடைசிக் கட்டத்தில்
ரோசாலி கயிற்றில் தொங்குகிறாள்.
கீழே கடல். கயிறு பாதி அறுந்தாயிற்று.
மேலே கத்தியோடு கலங்கரைக் காவலன்.
மூன்றாம் பாகத்தைத் திறந்தால்
அவள் கையில் கட்டோடு டீ குடிக்கிறாள்.
டம்ளரைப் பிடித்துக் குடிக்கவைப்பவன்
அதே காவலன்.
நடுவில் என்ன நடந்ததென்று எனக்கும் தெரியாது,
கேட்காதீர்கள் என்று எழுதிப்போட்டேன்.
கேட்டார்கள்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடித்து
நேரே இங்கே வரும் செய்யதம்மாள்
மூன்றாம் பாகத்தின் முதல் பக்கத்தை
எக்ஸ்ரே மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"கட்டுப் போட்ட விதமே சரியில்லக்கா.
முடிச்சு உள்பக்கம் இருக்கு.
தெரியாதவன் போட்டது. அவந்தான் போட்டிருக்கான்."

மின்வாரியம் பூல்பாண்டி கயிற்றைப் பற்றி மட்டும் பேசினார்.
"மேல நிக்கவனுக்குத்தான் கை நடுங்கும்.
தொங்குதவன் ஒருமாதிரி அமைதியா ஆயிருவான்.
நம்மளையே பாத்துக்கிட்டு இருப்பான்."
எந்தக் கம்பம், எந்த வருஷம் என்று சொல்லவில்லை.
காசை எண்ணி வைத்துவிட்டு
புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார்.
பூல்பாண்டி அண்ணன், உங்கள் பிரதி கல்லாவில் இருக்கிறது.

பிறகு வியாகப்பன்.
காது கேளாதோர் பள்ளி, எட்டாம் வகுப்பு, சொந்த ஊர் உவரி.
கயிற்றுக்குப் பக்கத்தில் 'சடசடசட' என்று
எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் இடத்தை விரலால் தொட்டு,
கயிறும் எழுத்தும் ஒன்றாய்ப் பிரிகிறது என்று காட்டினான்.
எட்டு வருஷமாய்க் கடை நடத்துகிறேன்,
'சடசட'வை நான் பார்த்ததே இல்லை,
வாசித்திருக்கிறேன்.

இரண்டாம் பாகத்தை அவன் கைகளால் சொன்னான்.
ஒரு கை ரோசாலி, ஒரு கை காவலன்.
காவலன் கத்தியை ஓங்கினான்.
அவள் முகத்தைப் பார்த்தான்.
விரல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
கத்தி விழுந்தது,
அலமாரி உயரத்திலிருந்து வியாகப்பனின் முழங்கால் வரைக்கும்
விழுந்துகொண்டே இருந்தது.
தரையைத் தொட்டபோது
நாங்கள் நாலு பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம்.
கீழே கம்ப்ரசர் உஸ் என்று காற்றை விட்டது.

வியாழன் ராத்திரி பார்சல் வந்தது.
மந்திரமூர்த்தி அண்ணாச்சி தானே தூக்கிக்கொண்டு ஏறினார்,
செருப்போடு.
படிக்கட்டு பல்பு வெளிச்சத்தில் நின்றபடி படித்து முடித்தேன்.

அதில் ஒரு ஹெலிகாப்டர் வருகிறது.
அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

முப்பது பிரதி இருக்கிறது, விலை எண்பது.
செய்யதம்மாளுக்கு எடுத்துவைக்கவா என்று போன் போட்டேன்.
"கொஞ்ச நாள் போகட்டும்க்கா" என்றாள்.
பலகையின் மேல் வரியை அழிக்கச் சொல்லி
இதுவரை யாரும் கேட்கவில்லை.

திங்கள் கடை கிடையாது.
இடம் போதவில்லை, மீதி நேரில்.
— எப்சிபா