தன் எடையில்

தடதடவென்று இல்லை. கடக் என்று ஒரே ஒரு தடவை.
வேகத்தடையில் ஏறும்போது வராது,
இறங்கும்போது வரும்,
முன்சக்கரத்துக்குள் யாரோ உட்கார்ந்து
சொடக்குப் போடுவதுபோல.
முதல் மாதம் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
இரண்டாம் மாதம் ரேடியோவும் போயிற்று.

லியெபாயாவின் பழைய தெருக்கள் சில
இன்னும் கல் பாவியவை.
மீன் டப்பா ஆலையில் இரவுப் பணி முடித்து
அவற்றின்மேல் வீடு திரும்பினால்
ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லி
எனக்கு அறிமுகம் செய்துவைக்கும் என் பாஸாட்.
தொண்ணூற்றைந்தாம் வருஷத்து வண்டி.
என் மகனைவிட நாலு வயது மூத்தது.
அவனைப்போலவே, கதவைச் சாத்திக்கொண்டால்
லேசில் திறக்காது.

ஏப்ரல், ஞாயிறு.
கரோஸ்தாவின் அடுக்குமாடிகளுக்கு நடுவே
வழி தெரிந்த ஆளைப்போல் வந்துபோகிறது கடல்காற்று.
பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
மல்லாந்து படுத்தேன்.
"ஜாக்கியை மட்டும் நம்பாதே, அவுஸ்மா!"
மூன்றாம் மாடியிலிருந்து கென்னதி.
"ஸ்டாண்டு வைத்திருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுப் பார்!"
வண்டிக்கடியிலிருந்து நான்.

நட்டு இருந்த இடத்தைச் சுற்றி
நகப்பூச்சால் ஒரு கோடு,
திரும்ப அதே இடத்தில் அது உட்கார வேண்டும்.
பிறகு பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்.
பன்னிரண்டு பனிக்காலத்துச் சாலை உப்பு அதில்.
எண்ணெய் தெளித்தேன், காத்திருந்தேன், தட்டினேன், திட்டினேன்.
லாட்விய மொழியில் வசவுக்குப் பஞ்சம்,
ருஷ்ய மொழியில்தான் கடன் வாங்க வேண்டும்.
கென்னதி இறங்கிவந்து
முதலில் என் உச்சரிப்பைத் திருத்தினான்.
அப்புறம் பிடியில் குழாயொன்றைச் செருகி
இரண்டு பேரும் தொங்கினோம்.
கட்டடமே திரும்பிப் பார்க்க ஒரு கத்துக் கத்தி
வழிவிட்டது.

ஸ்பிரிங்கை அமுக்கும் கொக்கிகள் அவனுடையவை.
இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு.
பேச்சு தானாக நின்றது.
அமுங்கிய சுருளுக்கு நேரே முகத்தைக் காட்டக் கூடாது,
அதற்கு ஆள் அடையாளம் தெரியாது.
பழைய ஷாக் அப்சார்பரை உள்ளங்கையால் அழுத்தினேன்.
போனது. வரவில்லை.

ஆனால் சத்தம் அதனுடையது அல்ல.
கீழ்க் கையின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது.
போட்டு மூன்றே வருஷம்.
கிழிசல் ஒரே பக்கமாக, முறுக்கி.
கென்னதி அதை விரலில் மோதிரம்போல் மாட்டித் திருப்பினான்.
"தொங்கும்போதே இறுக்கியிருக்கிறான்."

அவ்வளவுதான் விஷயம்.
சக்கரம் அந்தரத்தில் தொங்க, போல்ட்டை இறுக்கினால்
அந்தத் தொங்கலையே தன் இயல்பென்று பிடித்துக்கொள்ளும் ரப்பர்.
வண்டியை இறக்கிய நொடியிலிருந்து முறுக்கத்தில் நிற்கும்,
ஓடும்போது மட்டுமல்ல,
வாசலில் சும்மா நிற்கும்போதும்,
நாம் தூங்கும்போதும்.

ரைவிஸ் மாட்டியது.
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போவதற்கு முந்தின மாலை.
டிக்கெட் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.
சமையலறைச் சன்னலில் நின்று
எவ்வளவு வேகமாக வேலை செய்கிறான் என்று
பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படம் எடுத்து அவனுக்கு அனுப்பேன்."
"கையெல்லாம் கிரீஸ்," என்றேன்.

புதிய புஷ் சோப்புத் தண்ணீரில் வழுக்கி
இரண்டு தடவை ஓடிப்போனது.
மூன்றாவதில் உட்கார்ந்தது.
போல்ட்டை விரலால் மட்டும் திருகிவிட்டு
ஜாக்கியைக் கீழ்க் கைக்கு அடியில் நகர்த்தி
மெல்ல, மெல்ல உயர்த்தினேன்.
ஸ்டாண்டிலிருந்து வண்டி
ஒரு தாள் நுழையுமளவு எழும்பியது.
இப்போது அது தன் எடையில் நிற்கிறது.
"இப்போ இறுக்கு," என்றான்.
கடக் என்றது டார்க் ரென்ச்.
இத்தனை மாதத்தில் முதல் தடவையாக
அந்தச் சத்தம் வரவேண்டிய இடத்திலிருந்து.

இருட்டிவிட்டது. இடப்பக்கம் மட்டும் முடிந்தது.
வலப்பக்கத்துப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.
புதுப்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்து
வண்டி எதையோ கேட்பதுபோல் தலைசாய்த்து நின்றது.
ஆலையிலிருந்து கொண்டுவந்த நசுங்கிய டப்பாவைத் திறந்து
ஸ்பேனரை நீட்டிய கையாலேயே மீன் தின்றோம்.
தூறல் விழுந்தது.
அட்டையை மட்டும் சுருட்டி உள்ளே வைத்தேன்,
நாளைக்கும் படுக்க வேண்டும்.