மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்களாம்.
நண்டு வேகும் அண்டாவின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி
முனியராக்கு கேட்கிறாள்:
"நாளைக்கு வரணுமா லாத்தா, வேணாமா?"

வா. விடியுமுன் வா.
பிரித்த கறியெல்லாம் பெட்டியேற வேண்டும்,
காற்று வந்து கதவைத் தட்டுவதற்குள்.

போன ஐப்பசியில் நாலு நாள் கரண்ட் இல்லை.
நூற்று நாற்பது கிலோ நண்டுக்கறி
ஐஸ் உருகி, தண்ணீராகி, நாற்றமாகி
மண்டபமே மூக்கைப் பொத்தியது.
தரவையில் குழி வெட்டிப் புதைத்தோம்.
மய்யித்துக்குக்கூட அவ்வளவு ஆழம் வெட்டியதில்லை.
அப்படியும் நாய்கள் மூன்று இரவு அங்கேயே கிடந்தன.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கிறுக்கு.

வளையலை வைத்துப்
பரமக்குடியில் ஒரு பழைய ஜெனரேட்டர்.
செவ்வாய்தோறும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன்.
அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்
தையல்கடை ஜபருல்லா டீக்குக் கிளம்புகிறார்.
பெட்டிகளை எட்டுச் செங்கல் உயரத்துக்கு ஏற்றினேன்.
கடன் நோட்டை இரண்டு தடவை எழுதினேன்.
ஒன்று என்னிடம்.
ஒன்று ராமநாதபுரத்தில் மச்சி வீட்டு பீரோவில்,
பட்டுப்புடவைகளுக்கு அடியில்.
சுவரில் கரியால் ஒன்பது போன் நம்பர்.
ஐஸ், லாரி, மின்வாரியம்,
பாம்பன் ஐஸ் இல்லையென்றால் தங்கச்சிமடம் ஐஸ்.
ஒன்பதாவது மட்டும்
எதற்கென்று தெரியாமல் எழுதி வைத்தது.

"வராததை வா வாங்கிறாளே"
என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

புயல் வரவில்லை.
இரவெல்லாம் தகரக் கூரை பல்லைக் கடித்தது, அவ்வளவுதான்.
வலுவிழந்து வேறெங்கோ கரையேறியதாக
விடிந்ததும் செய்தி.
சந்து முழுக்கச் சிரிப்பு.
முனியராக்கு சிரிக்காமல் கத்தியைக் கழுவினாள்.

வந்தது வேறு.
பதினோரு நாள் கழித்து
சுள்ளென்று வெயிலடித்த ஒரு வியாழக்கிழமை,
போனில் தூத்துக்குடி ஏஜென்ட்:
"கன்டெய்னர் திரும்பிருச்சு.
நான் சொல்ற வரைக்கும் கறி அனுப்பாதீங்க."
அந்தக் குரலில் காற்றுமில்லை, மழையுமில்லை.
இதற்கு எந்தத் துறைமுகத்திலும் கூண்டு ஏற்றமாட்டார்கள்.

அண்டா கவிழ்ந்து கிடந்தது.
பன்னிரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.
சுவரைப் பார்த்தேன்.
ஒன்பதாவது நம்பர், ஒருநாளும் அடிக்காதது:
மதுரை ஹோட்டல்களுக்கு நண்டெடுக்கும் பிலவேந்திரன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
சாயங்காலம் கூப்பிட்டுப் பாதி விலை சொன்னார்.
பாதி விலை.
சரி என்றேன்.

கிலோவுக்கு மூன்று ரூபாய் என்று
எவர்சில்வர் தூக்கில் ஒதுக்கி வந்ததை
எல்லோர் முன்னாலும் கொட்டி எண்ணினேன்.
பாதி விலையோடு இதையும் சேர்த்தால்
பன்னிரண்டு பேருக்கும் பதினேழு நாள் முழுக்கூலி.
பதினெட்டாம் நாளுக்கு என்னிடம் ஒன்றுமில்லை.
மறைக்கவில்லை.
நம்பர்களுக்குக் கீழே கரியால் எழுதினேன்: 17.

இன்று செவ்வாய்.
கயிற்றை இழுக்கிறேன். ஒன்று. இரண்டு.
மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
ஜபருல்லா கத்தரியை வைத்துவிட்டு எழுந்தார்.
முனியராக்கு முந்தானையால் சுவரைத் துடைத்து
12 என்று எழுதுகிறாள்,
என்னைவிட அழகான கையெழுத்தில்.