பதினேழாம் பக்கம்

வெருலம் டாக்ஸி நிலையத்துக்குப் பின்னால்,
மீன் பொரிக்கும் கடையின் மாடியில்
இரண்டு அறை, ஓர் எடைமேடை, ஊசிமருந்துக்கு ஒரு குளிர்பெட்டி.
நான் அங்கே கணக்கு எழுதுகிறவள்.
யாருடைய நாடியையும் பிடித்ததில்லை.

மார்ச்சில் ஒப்பந்தம் வந்தது.
கடல்தாண்டி வரும் தாளுக்கு ஒரு மொடமொடப்பு உண்டு.
மூன்று மாத ஊசிக்குப் பணம் உண்டு,
ஆணுறைக்கு உண்டு, மாத்திரை அட்டைக்கு உண்டு,
என் சம்பளத்துக்கும் உண்டு.
பதினேழாம் பக்கத்தில் மட்டும்
ஒரு சொல்.
அதை இந்தக் கூரைக்குக் கீழே யாரும் உச்சரிக்கலாகாது,
அவர்கள் பணத்தில் மட்டுமல்ல, எவர் பணத்திலும்.
மீன்கடை வீராசாமி மாதம் தவறாமல்
உண்டியலில் போடும் இருபது ராண்டிலும்.

இந்த நாட்டுச் சட்டம், சொல்லலாம் என்கிறது.
சட்டம் வாடகை கட்டுவதில்லை.

சிஸ்டர் ரோகிணி படையாச்சி
பேனாவை மூன்று முறை உதறினார்.
மை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.
அன்று மாலை சுவரொட்டியைக் கழற்றினோம்.
அது இருந்த இடம்
இன்னும் வெளுத்தே கிடக்கிறது,
மோதிரம் கழற்றிய விரல்போல.

அந்தக் கரை மனிதர்கள்மேல் எனக்குக் கோபமில்லை,
முழுதாக இல்லை.
விடியுமுன் வாசல் பனியை வழித்துவிட்டு
வேலைக்கு ஓடும் ஒருத்தி இருப்பாள்.
அவள் கூலியில் பிடித்த காசு
எதில் விழக்கூடாது என்று அவள் நெஞ்சு சொன்னால்
சிரிக்க நான் யார்?
ஆனால் நானும்தான் வரி கட்டுகிறேன்,
சோப்பிலும் மெழுகுவத்தியிலும் பிடித்துவிடுகிறார்கள்.
என் காசில் யாரோ வாங்கிய ரப்பர் குண்டுகளுக்குப்
பதினேழாம் பக்கம் கிடையாது.

எனக்கும் இரண்டு கலைந்தன.
ஒன்று, தைப்பூச வாரத்தில்.
மேகம் கலையும், கூட்டம் கலையும், தூக்கம் கலையும்;
தமிழ் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது.
கலைதலுக்கும் கலைத்தலுக்கும் நடுவே
ஒரே ஒரு மெய்யெழுத்து.
அந்தப் புள்ளியின்மேல் எத்தனையோ இரவு
உட்கார்ந்திருக்கிறேன்,
எந்தப் பக்கம் இறங்குவதென்று தெரியாமல்.

தொபிலே வந்த செவ்வாய்க்கிழமை மழை.
பேரங்காடிக் கல்லாவில் வேலை, சீருடைகூட மாற்றவில்லை.
பத்து வாரம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு.
சுற்றி வளைக்காமல் கேட்டாள்.
ரத்த அழுத்தம் நன்றாயிருக்கிறது, என்றார் சிஸ்டர்.
மறுபடி கேட்டாள்.
இரும்புச்சத்து மாத்திரை தருகிறேன், என்றார்.
மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.
ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு
யாரோ எறிந்த ரொட்டியை நனையாமல் தின்றுகொண்டிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எந்த டாக்ஸி,
எந்தக் கிழமை, எந்த வாசல்,
எந்த நர்ஸ் முகம் சுளிக்கமாட்டாள்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அந்த மாதக் கணக்கில் நாற்பது சென்ட் இடித்தது.
நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பேனா இருக்கிறதா, என்றாள்.
கொடுத்தேன்.

கீழே விளக்குக் கம்பம் முழுக்க
ஒட்டின்மேல் ஒட்டு:
வலியில்லை. ஒரே நாள். ரொக்கம் மட்டும்.
நாங்கள் விழுங்கிய சொல்லைக்
கம்பம் கொட்டை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.
நனைந்தபடி நின்று தொபிலே
ஓர் எண்ணை உள்ளங்கையில் எழுதினாள்,
மை கரையக் கரைய, மறுபடி அழுத்தி.

அந்தப் பேனா மானியத்தில் வாங்கியது.
ரசீது என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்டில் தணிக்கையாளர் வந்தார்.
நாற்பது சென்ட் கிடைத்துவிட்டது என்றேன், மெச்சினார்.
பிறகு பொருள் பதிவேடு.
பேனா, நீலம், பன்னிரண்டு.
கையிருப்பு பதினொன்று.
'காரணம்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

மழை, என்று எழுதினேன்.