அரிசி ஆலை முதலாளிக்கு ஓராண்டு அறிக்கை

ஹாஜியார்,
ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீங்கள்.
போன வருசம் கச்சான் எழும்பின கிழமை
ஓட்டமாவடி ஆலையில், உமி பறக்கிற முற்றத்தில்,
நீங்கள் எண்ணித் தந்த காசுக்கு இது கணக்கு.

பாய் ஒன்று. பழையது. ஐந்து தசம் எட்டு மீற்றர்.
பாசிக்குடா ஹோட்டல்காரர் கழித்துவிட்டது.
அதில் சிவப்பு எழுத்தில் ஒட்டினேன்:
நளீமா அரிசி.
காற்றுக்கு எங்கே வாசிக்கத் தெரியும் என்று
நீங்கள்தான் சிரிச்சீங்கள்.

மாரியில் வாவி கலங்கி வந்தது.
முகத்துவாரம் வெட்டின அன்று
செத்த மாடு ஒன்றும் நாலு வாழைக்குற்றியும்
எனக்கு முன்னால் கடலுக்குப் போயின.
நான் கல்லடிப் பாலத்துக்குக் கீழேயே
நாற்பது நாள், கிறுகிக் கிறுகி,
பாயை மறுபக்கம் எறிந்து, கால் மாற்றி,
விழுந்து, சேற்றுத் தண்ணி குடித்து.
ஒரு கிறுகல் சரிவந்தது.
ஒன்றே ஒன்று. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

பயணம்.
கொழும்பு பஸ்ஸின் கூரையில் பாய்மரம்,
நடைவழியில் பலகைப் பை.
புணானையில் இறக்கித் திறக்கச் சொன்னான்
ஒரு ஆமிப் பொடியன்.
ஆள் நீளத்தில், சிப் போட்ட கறுப்புப் பை.
திறக்கும் மட்டும் பஸ்ஸுக்குள் கதையில்லை.
பலகை என்று கண்டதும்
எல்லாரும் ஒருமிக்க இருமினார்கள்.

மதுரையில் சுங்கக்காரர்:
"என்னம்மா இது?"
"பாய்."
"படுக்கிறதுக்கா?"
"எனக்கில்லை, காத்துக்கு."
எழுதிக்கொண்டார்: பாய், ஒன்று, சொந்த உபயோகம்.

மண்டபத்தில் இரண்டாம் நாள் வாடை அறைந்ததில்
பாயில் ஒரு துண்டு பிய்ந்து கடலோடு போனது.
சரியாக அந்த 'அ'.
நளீமா ரிசி.
தூத்துக்குடிப் பையன்கள் கும்பிட்டார்கள்,
எந்த ஆசிரமம் சாமி என்று.
பதினாலு பேரில் பதினோராவது ரிசி நான்.

கந்தப்போடியின் இறால் வலை அறுந்தது மாசியில்.
என் ஃபின்தான். ஒளிக்கவில்லை.
ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.
பயணச் செலவில் போட்டிருக்கிறேன்,
வேறு நிரல் இருக்கவில்லை.

தாய்லாந்தில் ஆறு நாளும் காற்று வரவில்லை.
மணலில் குந்தியிருந்து சீட்டாடினோம்.
ஒரு கொரியாக்காரி என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்து
தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தாள்.
அதே இடத்தில் அதே காய்ப்பு.
ஆளுக்கொரு துவாய் தந்து அனுப்பினார்கள்.
அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கற்பிட்டி.
இதைத்தான் நீங்கள் கேட்பீங்கள்.
கடைசி ஓட்டம். முதல் மிதவையை முதலில் சுற்றினேன்.
இரண்டாவதையும்.
பின்னால் எந்தப் பாயின் படபடப்பும் கேட்கவில்லை.
பலகை தண்ணியைத் தொட்டதாகவே நினைவில்லை,
கொக்கி இடுப்பை இழுக்க இழுக்க
பைத்தியக்காரி மாதிரிச் சிரித்துக்கொண்டு போனேன்.
கரையில் சொன்னார்கள்:
ஊதுமுன்னமே கோட்டைத் தாண்டிவிட்டாய்.
அரைச் செக்கன்.
என் பெயருக்கு நேரே இலக்கம் இல்லை,
மூன்று இங்கிலீஷ் எழுத்து.
அம்மாவுக்குக் கோல் எடுத்து
முதலாவதாய் வந்தேன் என்றேன்.
பொய்யில்லை ஹாஜியார். வந்தேன்தானே.

மற்றது நேற்று. இதற்குப் புள்ளி கிடையாது.
பின்னேரம் மூன்றரைக்குக் கச்சான் வந்து
வாவியை மயிர் சிலிர்க்க வைத்தது.
கந்தப்போடி வலைக்கம்பு எல்லாவற்றிலும்
சிவப்புத் துணி கட்டியிருந்தான்.
நண்டுக்காரருக்காம், எனக்கில்லையாம்.
அந்தத் துணியில் வலையும் தெரிந்தது, காற்றும் தெரிந்தது.
இடையால் விட்டேன்.
மணிக்கூடு காட்டினது இருபத்தெட்டு தசம் நாலு நொட்.
சாட்சி கந்தப்போடி ஒருவன்.
அவனும் அந்த நேரம் பார்த்துப்
பீடி பத்தவைக்க அங்கால் திரும்பி நின்றானாம்.

மிச்சம்: முந்நூற்று நாற்பது ரூபாய்.
வரும் வருசத்துக்கு: ஃபின் ஒன்று.
சிவப்பில், ஒரு சாண் உயரத்தில், 'அ' ஒன்று.

வேறென்ன...
ஜன்னல் அடிக்குது.
தாளுக்கு மேல தண்ணிப் போத்தலை வச்சிற்று ஓடுறன்,
கையெழுத்து வந்து போடுறன்