நகராத பக்கம்

கிருனாவில் வீடுகள் லாரியேறிப் போகின்றன.
அடியில் இரும்பைத் தோண்டித் தோண்டி
மண் உட்காரத் தொடங்கியதிலிருந்து
ஊர் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது,
மெதுவாக, ஜன்னல் திரையைக்கூடக் கழற்றாமல்.

யெர்கெர் லான்தோவின் மஞ்சள் வீட்டுக்குச்
செவ்வாய்க்கிழமை குறித்திருக்கிறார்கள்.
தபால்காரி மைலிஸ் வண்டியை அணைக்காமலே கேட்டாள்:
"அப்போ புதன்கிழமைக் கடிதம்?"

பக்கத்து வீட்டு ஹில்லெவிக்கு
அந்தக் கேள்விதான் சம்பளம்.
ஊருக்கு வெளியே பனியில் நிற்கும் ரேடாரில்
வானத்தின் இரைச்சல்
நொடிக்கு இருபது கோடி எண்களாக
ஓர் அட்டைக்குள் இறங்குகிறது.
அட்டைக்குப் பொறுமை கிடையாது.
செயலியை எழுப்பாது, கதவைத் தட்டாது,
சொன்ன மனையில் கொட்டிவிட்டு
அடுத்த சுமைக்குத் திரும்பிவிடும்.

கர்னல் என்றால் மீசை வைத்தவர் அல்ல.
நினைவகம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும்
ஒரு தாசில்தார்.
சில்லறை சில்லறையாய்க் கிடக்கும் காலி இடத்தை
ஒன்றுசேர்க்கவென்று
பக்கங்களைத் தூக்கி அங்கும் இங்கும் வைப்பார்.
தூங்குகிறவற்றை வட்டுக்கு அனுப்புவார்.
நிரல்களுக்கு இது தெரியவே தெரியாது.
அவை கூப்பிடும் முகவரி அப்படியே இருக்கும்,
அடியில் மண் மாறியிருக்கும்.

அட்டைக்கு முகவரி தெரியாது.
மண்தான் தெரியும்.

ஜனவரியில் ஓரிரவு
அது கொட்டிய இடத்தில் வேறு ஆள் குடியிருந்தார்.
நேரம் குறிக்கும் ஒரு சின்ன நிரல்.
வானத்தை வாய்நிறைய வாங்கிக்கொண்டு
விடிகாலை மூன்று மணியை
எண்பத்தோராம் மாதம் என்று அறிவித்தது.
ஆய்வுக்கூடமே சிரித்தது.
ஹில்லெவி ஆணி எடுத்தாள்.

ஒரே ஓர் அழைப்பு:
இந்தப் பக்கங்களை நகர்த்தாதே,
வட்டுக்கு அனுப்பாதே,
அட்டை எழுதி முடிக்கும்வரை.

ஓர் எண்கூடச் சிந்தவில்லை.
அந்த ருசியில் இன்னும் கொஞ்சம் அடித்தாள்.
எட்டு கிகா. பிறகு இருபது.

இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பது
வியாழன் விடியலில் தெரிந்தது.
ஆண்டெனா உறைந்து அளவீடு அறுந்துபோகும் போதெல்லாம்
அவள் நிரல் அவசரமாக வெளியேறும்,
போகிற வழியில் ஆணியைப் பிடுங்காது.
ஆளில்லாமல் விளக்கெரியும் வீடுகளாய்
நின்றன பக்கங்கள்.
கர்னல் சுற்றிச் சுற்றி வந்தது.
அசைக்க ஒன்றுமில்லை, அனுப்ப ஒன்றுமில்லை.
கடைசியில் இருப்பதிலேயே பருத்த உடம்பைப் பார்த்துக்
கழுத்தை நெரித்தது.
அது அவளுடைய நிரல்தான்.
கேட்டவன் செத்த பிறகும்
ஆணிகள் இறங்கியே இருந்தன.

இரண்டு வரி. அவ்வளவுதான் திருத்தம்.
அதைத் தேட நான்கு நாள்.

திங்கள் மாலை வேலிக்கருகே யெர்கெர் கேட்டார்:
"உன் அழைப்பு வீட்டுக்கும் செல்லுமா?"
"செல்லும். ஆனால்
எழுதி முடிக்கும்வரைதான்."
அவர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார்.
"யார் எழுதுவது?" என்றார்.
அதற்கு அவளிடம் பதில் இல்லை.
சுரங்கத்தின் இரவு வெடி
காலடியில் ஒருமுறை உறுமி அடங்கியது.

செவ்வாயன்று வீடு போயிற்று.
எதிர்பார்த்ததைவிட வேகமாக.
அடுக்களையில் ஒரு கோப்பைகூட விழவில்லை என்றார்கள்.

புதன் காலை
ஹில்லெவி ரேடாருக்குக் கிளம்பும்போது
மைலிஸின் வண்டி பழைய இடத்தில் நின்றது.
கை பழக்கத்தில் ஓட்டி வந்திருக்கும்.
லாரியில் ஏற்ற மறந்த
மூன்று கல்படிகளில் ஏறி
மேல்படியில் நின்றாள்,
ஓர் உறையோடு,
கதவின் உயரத்துக்குக் கையைத் தூக்கியபடி.