வரப்பில் மறைவில்லை

விரல் வைத்து அழுத்தினால்
கணுக்காலில் குழி விழுகிறது.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா
அந்தக் குழி நிரம்பும்வரை
கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தார்.
"கிட்னி களைச்சிருக்கு. உப்பைக் குறைக்கணும் நேசபாய்."
புத்தளம் அளத்தில் வாருபலகை இழுப்பவளிடம்.
நான் சிரித்ததை அவர் சீட்டில் எழுதவில்லை.
நீர் போக வெள்ளை மாத்திரை,
காலையில் ஒன்று.

கோட்டாற்று வைத்தியர் சொன்னது
நெருஞ்சிலும் சிறுபீளையும்.
நாலு தம்ளர் வெள்ளம் ஒன்றாக வற்றணுமாம்.
வற்ற வைக்க எனக்கா தெரியாது?
கடலையே வற்ற வைக்கிறவள்.
இருபது வருஷமாக உள்ளங்காலில் தைத்து
நான் வைத முள்ளை
சாக்கு விரித்துப் பொறுக்கினேன்.
"ரெண்டையும் சேர்த்துக் குடிக்காதே" என்றார் டாக்டரம்மா.
மாத்திரையே இருக்கட்டும் என்று
முள்ளை உறியில் கட்டிவைத்தேன்.

இருவருமே கேட்காதது ஒன்று:
அளத்தில் கண்ணெட்டும் தூரம் பாத்தி.
வரப்பில் முழங்கால் உயரத்துக்கு
ஒரு செடி கிடையாது.
ஆண்களுக்குத் திரும்பி நின்றால் போதும்.
நாங்கள் ஏழு பெண்கள்
விடியக் கஞ்சி குடித்தால்
நாலு மணிவரை நாக்கை நனைப்பதில்லை.
மாத்திரை நீரை இறக்கும், சரி.
எங்கே இறக்க?

செவ்வாய்க்கிழமை விழுங்கிவிட்டு வந்தேன்.
பத்து மணிக்குப் பலகையைக் கீழே போட்டேன்.
கணக்கர் தாசையன் அறைக்குப் பின்னால்
தகரக் கதவு, பித்தளைப் பூட்டு.
"சாவியத் தாரும்."
அந்தக் குரல் எனக்கே புதிது.
அவர் சாவியைத் தேடுவதுபோல் தேடி
எடுத்துத் தந்தார்.

வெளியே வந்தபோது
ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.
ஒருத்தியிடமும் மருந்துச்சீட்டு இல்லை.